கோழி கொடுக்காத கிண்ணம்

கொட்டகலையிலிருந்து ஹட்டனுக்குப் போகும் ரோட்டில், தோளில் ஒரு பையும் வலது கையில் கோழி கொத்திய ஐந்து காயங்களுமாக நடந்துகொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை பின்னேரம். தூறல் விட்டு விட்டு விழுந்தது. ரயில் பாதையில் போனால் தூரம் குறைவு. ஆனால் வழியில் சுரங்கம் இருக்கிறது, அதற்குள் நடப்பது எனக்குப் பிடிக்காது. இரண்டு பஸ்கள் என்னைக் கடந்து போயின. கை காட்டவில்லை. எங்கே இறங்கப்போகிறோம் என்று தெரியாதவனுக்கு டிக்கெட் கேட்பதே கஷ்டம்.

பையில் இரண்டு சட்டை, ஒரு சாரம், ஒரு போர்வை, ஒரு புதுச் சவர்க்காரக் கட்டி. சவர்க்காரத்தை அக்காதான் வைத்தாள். தம்பியை வீட்டைவிட்டு அனுப்பும்போது பிரிக்காத சவர்க்காரத்தைக் கையில் கொடுத்தனுப்பிய அக்கா எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வேறு யாரும் இருக்க மாட்டாள்.

நான் நிறைய இடங்களைவிட்டு வந்திருக்கிறேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தைவிட்டு வந்தேன். கொழும்பில் ஆணி விற்கும் கடையில் முதலாளியின் மருமகனோடு சண்டை போட்டுவிட்டு வந்தேன். கொத்மலையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மூன்று மாதம் நன்றாகவே இருந்தேன், கடையையே மூடிவிட்டார்கள். கோழியும் கிருமியும் சேர்ந்து என்னை வெளியே அனுப்பியது இதுதான் முதல் தடவை.

கொத்மலையிலிருந்து வந்து அக்கா வீட்டில் இருந்தபோதுதான் பக்கத்துப் பாடசாலையில் ஆள் தேவை என்றார்கள். நிரந்தர வேலையல்ல. காண் என்கிற வடிகாலைத் துப்புரவு செய்வது, மேசை தூக்குவது, மணி அடிப்பது, ஆய்வுகூடத்தைக் கூட்டுவது. அக்காவும் மச்சானும் தேயிலை மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகிறவர்கள். லயம் என்கிற தோட்டத்து வரிசை வீட்டில் அவர்களுக்கு ஒரு காம்பரா, அதாவது ஒரே அறை. அதன் முன்பக்கத்தில் மரப்பலகை அடைத்த இடத்தில் நான் படுத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்தைவிட்டு ஓடிப்போனவன் இருபது வருடம் கழித்துப் பள்ளிக்கூட மணியைக் கையில் பிடித்திருந்தது எனக்கே வேடிக்கையாக இருந்தது. முதல் வாரம் இரண்டு தடவை நேரத்துக்கு முன்பே அடித்துவிட்டேன். பிள்ளைகளுக்கு என்னைப் பிடித்துப்போனது.

அந்தப் பாடசாலையில் உயர்தர உயிரியல் வகுப்பில் மொத்தம் நாலு பிள்ளைகள். மூன்று பெண்கள், ஒரு பையன். பெண்களில் ஒருத்தி எங்கள் லயத்திலேயே, அக்காவின் அடுத்த காம்பராவில் இருந்தாள். என்னை மாமா என்பாள். கதை இவளைப் பற்றியது என்பதால் இவளை மட்டும் ‘அந்தப் பிள்ளை’ என்று சொல்லிவிடுகிறேன். படிப்பிக்க வந்த டீச்சர் யாழ்ப்பாணத்துப் பெண். வந்து இரண்டு வருடம் ஆகியும் குளிர் பழகவில்லை. ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் கக்கத்தில் வைத்தபடிதான் கரும்பலகையைப் பார்ப்பார்.

அக்டோபர் மழையில் ஒரு கடிதம் வந்தது. நாலு பிள்ளைகளுக்காக ஒரு வகுப்பும் ஓர் ஆய்வுகூடமும் தேவைதானா என்று பார்க்க, வெள்ளிக்கிழமை ஓர் அதிகாரி வருகிறார். ஆய்வுகூடம் உண்மையில் பாவனையில், அதாவது பயன்பாட்டில், இருப்பதாக அவர் கண்டால் வகுப்பு இருக்கும். இல்லாவிட்டால் நாலு பேரையும் ஹட்டனில் உள்ள பெரிய பாடசாலைக்கு மாற்றிவிடுவார்கள். மற்ற மூன்று பேருக்கும் அது பெரிய விஷயமில்லை, அவர்கள் பஸ் ரோட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள். அந்தப் பிள்ளையின் லயத்திலிருந்து பஸ் ரோட்டுக்கு முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும். அவளுடைய அம்மா முன்பே சொல்லிவிட்டாள்: “ஹட்டன்னா படிப்ப நிறுத்திக்க. கார்மென்ட் பேக்டரில சேத்துவிடுறேன்.” அந்த அம்மா கோபத்தில் சொல்லவில்லை. வேலைக்குப் போகும்போது கதவைப் பூட்டித் திறப்பை எங்கே வைத்திருக்கிறேன் என்று சொல்வது போலச் சொன்னாள்.

ஆகவே வெள்ளிக்கிழமைக்குள் ஆய்வுகூடத்தில் ஏதாவது உயிரோடு இருக்க வேண்டும்.

என்ன செய்வது என்பது அந்தப் பிள்ளையின் யோசனை. மலையில் கத்தி பட்டால் எங்கள் ஆட்கள் தேயிலைத் தூளை அள்ளிக் காயத்தில் அப்புவார்கள். அதனால் ஏதாவது பிரயோசனம் உண்டா, சும்மா அப்புகிறார்களா என்று பார்க்க வேண்டும் என்றாள். டீச்சருக்கு அது பிடித்துப்போனது. அலுமாரியைத் திறந்து பெத்திரிக் கிண்ணங்களை எடுத்தார். எனக்கு அன்றைக்குத்தான் அதன் பெயர் தெரிந்தது. அதுவரை நான் அவற்றை மூடியுள்ள சாம்பல் தட்டு என்று நினைத்து, அடுக்கி வைத்துத் தூசு தட்டிக்கொண்டிருந்தேன். தட்டையான கண்ணாடித் தட்டு, அதற்குச் சரியாகப் பொருந்தும் மூடி, அவ்வளவுதான். அதற்குள் ஏகார் என்ற ஒரு பாசிக் கூழை ஊற்றி ஆற விட்டால் ஜெலி போல இறுகிவிடும். அதன் மேல் கிருமியைத் தடவி, சூட்டில் வைத்தால், கண்ணுக்குத் தெரியாதது கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெருகும்.

திங்கட்கிழமை டீச்சர் தன் வாடகை அறையிலிருந்து பிரஷர் குக்கரைக் கொண்டுவந்தார். கிண்ணங்களையும் கூழையும் அதில் அவித்தோம். அடுத்தது, கிருமிக்கு எங்கே போவது? நாலு பிள்ளைகளின் கைகளையும் டீச்சர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எல்லாம் காலையில் குளித்துவிட்டு வந்த கைகள். அப்போதுதான் நான் காணுக்குள்ளிருந்து இலை அள்ளிப் போட்டுவிட்டு உள்ளே வந்தேன்.

“அண்ணை, உங்கட கையை ஒருக்காக் காட்டுங்கோ.”

“கழுவிட்டு வந்துர்றேங்க டீச்சர்.”

“வேண்டாம், வேண்டாம். கழுவினா எல்லாம் போயிடும். அப்பிடியே நில்லுங்கோ.”

என் வாழ்க்கையில் என் கை அழுக்காக இருந்ததற்காக ஒருவர் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். பஞ்சு சுற்றிய குச்சியால் உள்ளங்கையை, விரலிடுக்கை, நகத்தடியை எல்லாம் துடைத்து எடுத்தார்கள். அந்தப் பையன் கொப்பியில் எழுதினான்: கிருமியின் மூலம், மாமாவின் வலது கை.

ஐந்து கிண்ணங்களிலும் என் கைக் கிருமியைத் தடவினார்கள். நாலு கிண்ணங்களின் நடுவில் தேத்தண்ணியில் ஊறிய ஒரு சின்னக் கடதாசி வட்டத்தை வைத்தார்கள். ஒன்றில் தூள் தேயிலைச் சாயம், ஒன்றில் இலைத் தேயிலைச் சாயம், ஒன்றில் பச்சைத் தேயிலை, ஒன்றில் பாடசாலைக் கண்டீன் பால் தேத்தண்ணி. கடைசியாகச் சொன்னது பையனின் யோசனை. ஐந்தாவது கிண்ணத்தில் கிருமி மட்டும், கடதாசி இல்லை. தேயிலை எதுவும் இல்லாவிட்டால் என் கிருமி எப்படி வளரும் என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அது. அந்த ஐந்தாவது இல்லாவிட்டால் மற்ற நாலும் செல்லாது என்று டீச்சர் இரண்டு தடவை சொன்னார். எல்லாவற்றையும் ஓரம் சுற்றி டேப் ஒட்டி மூடினார்கள்.

செவ்வாய்க்கிழமை ஒன்றும் இல்லை. புதன்கிழமையும் ஒன்றும் இல்லை. ஐந்தும் கழுவி வைத்தது போல் இருந்தன. என் கை அவ்வளவு சுத்தமா என்று எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை. டீச்சர் அழும் நிலைக்கு வந்துவிட்டார்.

“எங்கட ஊரிலை பின்னேரம் மேசையிலை வைச்சா விடியக் காடு மாதிரி நிக்கும். இஞ்ச எனக்கே உடம்பு வளருதில்லை, கிருமி எப்பிடி வளரும்? முப்பத்தேழு பாகை வேணும் அண்ணை. மனுசன்ர உடம்புச் சூடு.”

“வளராட்டி நல்லதுதானுங்களே டீச்சர்? தேயில கொன்னுருச்சின்னு சொல்லிருவோம்.”

“தேயிலை வைக்காத கிண்ணத்திலையும் ஒண்டும் இல்லையே. அப்ப ஆர் கொன்றது? குளிரோ?”

எனக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. கிருமியைத் தடுக்கிறது என்று காட்டுவதற்கு முதலில் கிருமி நன்றாக இருக்க வேண்டும். சூடாக்குவதற்கென்று பாடசாலையில் ஒரு மின்சாரப் பெட்டி இருக்கத்தான் செய்தது. அது எரிந்துபோய், இப்போது அதற்குள் கரும்பலகையில் எழுதும் வெண்கட்டிப் பெட்டிகள் இருந்தன. மட்டைப் பெட்டிக்குள் ஒரு பல்பை எரியவிட்டுப் பார்த்தோம். மழையில் கரண்ட் போய்விட்டது.

புதன்கிழமை மதியம் நானும் அந்தப் பிள்ளையும் ஐந்து கிண்ணங்களையும் ஒரு பிஸ்கட் பெட்டியில் வைத்து, பஜாரில் உள்ள பேக்கரிக்குக் கொண்டுபோனோம். பேக்கரிக்காரர் எனக்குத் தெரிந்தவர். பாண் சுடும் போறணை அடுப்பின் மேல்தட்டில் ஒரு நாள் வைத்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டார். பெட்டியை வாங்கிக்கொண்டவர் சும்மா கேட்கிறவர் போல அவளிடம் கேட்டார்: “என்னம்மா இது, ஜெலியா?”

“இல்லீங்க. கிருமி.”

அவர் பெட்டியை என் கையில் திருப்பித் தந்த வேகத்தில் கிண்ணங்கள் கிணுகிணுத்தன. “தம்பி, ஒனக்குப் புண்ணியமாப் போகும். பாணுக்குப் பக்கத்துல கிருமி வச்சேன்னு ஊருக்குத் தெரிஞ்சா நான் போறணைய மூடிட்டுக் கொழுந்தெடுக்கத்தான் போகணும்.”

வெளியே வந்து அவளிடம் சொன்னேன். “இனிமே எங்க வச்சாலும் நீ வாயத் தொறக்காத.”

“நானாச் சொல்ல மாட்டேன் மாமா. ஆனா கேட்டா சொல்லுவேன்.”

“ஏன்?”

“கேட்டா என்னா செய்றது?”

பெட்டியை ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டு லயத்துக்கு ஏறினேன். மனித உடம்புச் சூடுதானே, நானே வைத்துக்கொள்கிறேன் என்று நினைத்தேன். பாதி மேட்டில் கால் வழுக்கியபோதுதான், நான் அதற்குத் தோதான ஆள் இல்லை என்று தெரிந்தது. ஓர் இடத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் உடம்பு வேண்டும். வீட்டுக்குள் நுழைந்தேன். அடுப்படி மூலையில் அக்காவின் கோழி உட்கார்ந்திருந்தது.

அது அடையில் உட்கார்ந்து ஏழு நாள். ஒரு பழைய கொழுந்துக் கூடைக்குள் மானாப்புல் போட்டு, அதன் மேல் சாக்கு விரித்து, பதினொரு முட்டை வைத்திருந்தாள் அக்கா. இடி இடித்தால் முட்டை கெட்டுவிடும் என்பதால் கூடைக்குள் ஓர் இரும்பு ஆணியும் ஒரு கரித்துண்டும் இருந்தன. அந்த மூலைக்கு யாரும் போகக் கூடாது. அழுக்குக் கையோடு முட்டையைத் தொட்டால் எல்லாம் கூமுட்டையாகிவிடும் என்பது அக்காவின் உறுதி. தினமும் காலையில் கூடையைச் சுற்றி மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் மலைக்குப் போவாள்.

நான் முட்டையைத் தொடவில்லை. இதை அக்காவிடம் பிறகு பல தடவை சொன்னேன். கோழி தீனிக்கு இறங்கிய நேரம் பார்த்து, சாக்கை முட்டையோடு மெதுவாகத் தூக்கி, அடியில் புல்லுக்கு மேல் ஐந்து கிண்ணங்களையும் பரப்பி, சாக்கை மறுபடி இறக்கிவிட்டேன். அந்தப் பிள்ளை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கோழி திரும்பி வந்து, இரண்டு தடவை சுற்றிப் பார்த்து, உட்கார்ந்தது. நான் சாக்கின் அடியில் கைவிட்டுப் பார்த்தேன். நல்ல சூடு. டீச்சர் எத்தனை பாகை கேட்டாரோ அத்தனையும் அங்கே இருந்தது போல்தான் தோன்றியது.

டீச்சரிடம் “சூடான எடத்துல வச்சிருக்கேங்க” என்று மட்டும் சொன்னேன். எங்கே என்று அவர் கேட்கவில்லை. கேட்காமலிருந்தது அவருக்கு நல்லதாகப் போயிற்று.

வெள்ளிக்கிழமை காலை அக்காவும் மச்சானும் மலைக்குப் போனதும் கூடையிடம் போனேன். சாக்கை ஒரு பக்கம் தூக்கி முதல் கிண்ணத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். வெள்ளையும் மஞ்சளுமாகப் புள்ளி புள்ளியாகப் பூத்திருந்தது. பக்கத்தில் நின்ற அந்தப் பிள்ளை என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு, மூன்று, நாலு. எல்லாவற்றிலும் வளர்ந்திருந்தது. ஐந்தாவது அங்கே இல்லை.

கோழி சாக்கின் ஒரு மூலையைக் கிளறி, ஐந்தாவது கிண்ணத்தை மேலே இழுத்து, முட்டைகளோடு சேர்த்து நெஞ்சுக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தது. கையை நீட்டினேன். கொத்தியது. மறுபடி நீட்டினேன். மறுபடி கொத்தியது. ஐந்து தடவைக்குப் பிறகு இரத்தம் சாக்கில் விழத் தொடங்கியது. அக்கா வந்து பார்த்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். எட்டு மணிக்கு நான் போய் மணி அடிக்கவும் வேண்டும்.

“நாலு போதும்.”

“அதுதான் மாமா முக்கியமானது. டீச்சர் சொன்னாங்கல்ல.”

“கேட்டா, ஒடஞ்சிருச்சின்னு சொல்லு.”

அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் அந்த யோசனையைத் திருப்பி எடுத்துக்கொண்டேன்.

அதிகாரி பதினொரு மணிக்கு வந்தார். தொண்டையில் மஃப்ளர் சுற்றிய, நிதானமான மனிதர். அவசரப்படாமல் எல்லாவற்றையும் பார்த்தார். வெண்கட்டி வைத்த பெட்டியைத் திறந்து பார்த்து மூடினார். பாடசாலை அதிபர் அவருக்குக் கண்டீனிலிருந்து பால் தேத்தண்ணி வரவழைத்தார். அவர் அதைக் குடித்துக்கொண்டே அந்தப் பிள்ளையிடம், “சொல்லுங்க மகள்” என்றார்.

அவள் பயப்படாமல் சொன்னாள். தூள் தேயிலைக் கடதாசியைச் சுற்றி மெல்லிய வளையமாகக் கிருமி இல்லாத இடம் தெரிந்தது. பச்சைத் தேயிலையிலும் அப்படித்தான். இலைத் தேயிலையில் கொஞ்சம். அதிகாரி தலையசைத்தபடி இன்னொரு மிடறு குடித்தார்.

“நாலாவது எங்க கண்டீன் பால் தேத்தண்ணி சேர். இதுல வளையம் இல்ல. இதச் சுத்தித்தான் ஆகக் கூட வளந்திருக்கு.”

அதிகாரி கோப்பையைப் பார்த்தார். வாயில் இருந்ததை என்ன செய்வது என்று சிறிது நேரம் யோசித்தார். பிறகு விழுங்கிவிட்டு, கோப்பையை மேசையின் அந்தப் பக்க ஓரத்துக்குத் தள்ளி வைத்தார். அதிபர் கூரையைப் பார்த்தார்.

“நல்லது. கொப்பியில அஞ்சு கிண்ணம்னு எழுதியிருக்கு. இங்க நாலுதான் இருக்கு. எங்க மகள் அஞ்சாவது?”

“அது வரல சேர்.”

“ஏன் வரல?”

“கோழி குடுக்கல சேர்.”

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் காயம்பட்ட கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். அதிகாரி மஃப்ளரைக் கொஞ்சம் தளர்த்தினார். “எந்தக் கோழி?” என்று கேட்டார். கேட்டதால் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்பது நாள் அடை, பதினொரு முட்டை, சாக்கு, புல் எல்லாம் வந்தன. என் பெயரும் வந்தது.

“ஒப்பிட்டுப் பாக்க அந்தக் கிண்ணம் இல்லாம இது பரிசோதனை இல்ல. நான் எதை எழுதுறது?” என்றார் அதிகாரி. சிறிது நேரம் பேனாவை உருட்டினார். “வாங்க, போய்ப் பாப்போம்.”

இப்படியாக அதிகாரி, அதிபர், டீச்சர், நாலு பிள்ளைகள், நான் என்று எட்டுப் பேர் வரிசையாகத் தேயிலைக்கு நடுவில் இருந்த படிகளில் லயத்துக்கு ஏறினோம். அதிகாரியின் காலுறையில் இரண்டு அட்டைகள் ஏறின. பகல் சாப்பாட்டு நேரம் என்பதால் மலையிலிருந்து ஆட்கள் இறங்கியிருந்தார்கள். காற்சட்டையும் சப்பாத்துமாக, கையில் ஃபைலோடு ஒருவர் லயத்துக்கு வந்தால் எங்கள் ஆட்களுக்கு ஒரே அர்த்தம்தான். புது வீட்டுத் திட்டத்துக்குப் பெயர் எடுக்க வந்திருக்கிறார்கள். நாங்கள் வாசலுக்கு வருவதற்குள் அங்கே ஒரு கூட்டம் நின்றது. ஒரு பெரியவர் அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு முதல் ஆளாக நின்றார்.

“வூட்டு லிஸ்டுங்களா?” என்றார்.

“இல்லீங்க ஐயா. கோழி பாக்க வந்தோம்” என்றார் அதிகாரி.

“கோழிக்கும் வூடு குடுக்கிறாங்களா?” என்று பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டாள். “அப்ப எங்க கோழியையும் எழுதிக்கங்க.”

அக்கா சோற்றுத் தட்டோடு எழுந்து நின்றாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. அதிபர், “உங்க கோழிக்கு அடியில பள்ளிக்கூடத்துக் கண்ணாடித் தட்டு ஒன்னு இருக்காம், எடுத்துத் தர முடியுங்களா” என்று மரியாதையாகக் கேட்டார். அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு கையைக் கழுவி, மஞ்சள் தண்ணீரில் நனைத்து, கோழியின் காதுக்குள் ஏதோ சொல்வது போல முனகிக்கொண்டே நெஞ்சுக்கு அடியில் கையைவிட்டாள். எனக்கு இரத்தம் வரக் கொத்திய கோழி அவளுக்குச் சத்தமில்லாமல் ஒதுங்கிக்கொடுத்தது.

அதிகாரி குனிந்து கூடையைப் பார்த்தார். “இந்த ஆணியும் கரியும் பரிசோதனைக்கா?”

“இல்ல சேர். அது இடிக்கு” என்றாள் அந்தப் பிள்ளை.

கிண்ணத்தை வாசல் வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு மூலை விடாமல் வளர்ந்திருந்தது. மற்ற நாலையும் பக்கத்தில் வைத்து, லயத்து வாசலிலேயே அவளிடம் பத்துக் கேள்விகள் கேட்டார். ஏன் தலைகீழாக வைக்க வேண்டும், ஏன் டேப் ஒட்ட வேண்டும், வளையத்தை எப்படி அளப்பது. அவள் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். ஒரு கேள்விக்கு மட்டும் “தெரியாது சேர்” என்றாள். அவர் அதற்கும் ஒரு சரி போட்டதை நான் பார்த்தேன்.

அப்போது அக்கா கேட்டாள். “ஏங்க, அதுல வெள்ளையாப் பூத்திருக்கே, அது என்னாங்க?”

“நுண்ணங்கி அம்மா. கிருமி.”

“கிருமியா?”

“பயப்படாதீங்க. எல்லார் கையிலயும் இருக்கிறதுதான்.”

“இது யாரு கையி?”

அவள் பிள்ளையைப் பார்த்துத்தான் கேட்டாள். “மாமாவோடது அத்தை” என்றாள் பிள்ளை. அதற்குள் பையன் கொப்பியைத் திறந்து, ஆதாரமாக அந்த வரியைக் காட்டினான்.

அக்கா கத்தவில்லை. “ஒம்பது நாளா மஞ்சத் தண்ணி தெளிச்சுப் பாத்துக்கிட்டு இருக்கேன். காண் அள்ளுன கைய கொண்டாந்து அடியில வச்சிருக்கான்” என்று கூட்டத்துக்குப் பொதுவாகச் சொன்னாள். கூட்டத்துக்கு வீடு கிடைக்காத ஏமாற்றம் இதில் ஓரளவு தீர்ந்தது. “அண்ணே, அந்த முட்டை பொரிச்சா குஞ்சு காண் வெட்டப் போகும்” என்றார் ஒருவர். அடையாள அட்டைப் பெரியவர் கடைசிவரை போகாமல் நின்றார். ஒருவேளை லிஸ்ட் ஃபைலுக்கு அடியில் இருக்கலாம் என்று நினைத்திருப்பார்.

அதிகாரி லயத்துத் திண்டில் உட்கார்ந்து அறிக்கையை எழுதத் தொடங்கினார். பாதியில் நிறுத்தினார். “பரிசோதனை சரி. ஆனா கிருமி வளத்த கிண்ணத்த ஆட்கள் சமைக்கிற வீட்டுக்குள்ள வச்சிருக்கீங்க. இதை நான் எழுதாம விட முடியாது. யார் பொறுப்பு?”

டீச்சர் முன்னால் வந்தார். “நான்தான் சேர். நான்தான் அண்ணையிட்ட குடுத்துவிட்டனான்.”

அவர் யாழ்ப்பாணத்துக்கு மாற்றம் கேட்டு எழுதிய கடிதங்களை நானே தபாலில் போட்டிருக்கிறேன். இந்தப் பழி விழுந்தால் அந்த மாற்றம் உடனே கிடைத்தாலும் கிடைக்கும். பிறகு இந்த மலைக்கு இன்னொரு உயிரியல் டீச்சர் வர எத்தனை காலமாகும் என்று யாருக்கும் தெரியாது. டீச்சர் இல்லாத வகுப்பை மூட அதிகாரியும் வரத் தேவையில்லை. அந்தப் பிள்ளையின் அம்மா தன் காம்பரா வாசலில், கொழுந்து பறிக்கக் கட்டும் படங்குச் சாக்கை இடுப்பில் கட்டியபடி, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள்.

“நான்தாங்க சேர். டீச்சருக்கு எங்க வச்சேன்னு தெரியாது. அதிபர் ஐயாவுக்கும் தெரியாது” என்றேன். அத்தனையும் உண்மை. உண்மையைச் சொல்லிப் பழியை வாங்கிக்கொள்வது சுலபமான வேலை, ஒன்றையும் ஞாபகம் வைத்திருக்கத் தேவையில்லை.

அதிகாரி மீதியையும் எழுதி முடித்தார். பிறகு எழுதியதை அதிபருக்கு வாசித்துக் காட்டினார். ஆய்வுகூடம் பாவனையில் உள்ளது. வகுப்பு தொடரலாம். அனுமதியின்றிக் கிண்ணங்களை வெளியே கொண்டுபோன ஊழியரை இனி வேலையில் வைத்திருக்கக் கூடாது.

“அப்ப திங்கட்கிழமை வகுப்பு இருக்கா சேர்?” என்று பையன் கேட்டான்.

“இருக்கு.”

பையனின் முகம் கொஞ்சம் விழுந்தது. அந்தப் பிள்ளையின் அம்மா படங்கை இறுக்கிக் கட்டிக்கொண்டு மலைக்குத் திரும்பினாள். கார்மென்ட் பேச்சு அன்றைக்கு வரவில்லை.

எல்லோரும் இறங்கிப் போன பிறகு அக்கா அடுப்படியைக் கழுவினாள். கூடையைத் தூக்கி மற்ற மூலைக்கு மாற்றினாள். பிறகு என் பையில் சவர்க்காரத்தை வைத்துக்கொண்டே சொன்னாள். “கோபம் இல்லடா. ஆனா குஞ்சு பொரிக்கிற வரைக்கும் நீ இங்க இருக்கப்படாது. ஒன் கையி இந்தப் பக்கமே வரப்படாது.”

“அது எத்தன நாள்?”

“இருவத்தோரு நாள் கணக்கு. இன்னம் பன்னெண்டு.”

“பொரிக்காட்டி?”

“பொரிக்காட்டி வரவே வராத.”

வாசலில் அந்தப் பிள்ளை நின்றாள். “நான் சொல்லாம இருந்திருக்கணுமா மாமா?”

“அவர் கேட்டாருல்ல” என்றேன். அவள் அதை ஏற்றுக்கொண்டாள் போலிருந்தது. டீச்சர் என் காயத்துக்குப் போடச் சொல்லிக் கடதாசிச் சரையொன்றில் தூள் தேயிலை கொடுத்தனுப்பியிருந்தார். கொப்பியில் உள்ளபடி பார்த்தால் பச்சைத் தேயிலையும் அதே அளவு நல்லதுதான். ஆனால் அது விலை கூட.

ஹட்டனில் ஒரு கோவில் மண்டபத்தில் படுத்துக்கொள்ள விட்டார்கள். சனிக்கிழமை விடிந்ததும் டிக்கோயா ரோட்டில் மூன்று மாடிக்கு ஏறிக்கொண்டிருந்த ஒரு கட்டிடத்தின் முன்னால் போய் நின்றேன். மேசன் வேலைக்குத் தலைவரான பாஸ் சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார். என் கையைப் பார்த்து என்ன காயம் என்றார். கோழி என்றேன். மேலே கேட்கவில்லை.

“எத்தன நாள் நிப்ப?”

“பன்னெண்டு நாள்.”

“பத்துன்னு சொல்லுவாங்க, ஒரு மாசம்னு சொல்லுவாங்க. அது என்ன பன்னெண்டு?”

“அக்கா வூட்டுல கோழி அடையில இருக்குங்க. பொரிச்சதும் போகணும்.”

“பொரிக்காட்டி?”

“நிக்கிறேங்க.”

அவர் கட்டிடத்தை அண்ணாந்து பார்த்தார். மேல் தட்டுக்கு இன்னும் கொங்கிறீட் போடவில்லை. அதற்கு எப்படியும் இரண்டு மாதம் பிடிக்கும். பொரிக்காமல் இருந்தால் தேவலை என்று அவர் நினைத்ததை நான் முகத்தில் பார்த்தேன். இரண்டு வாளிகளை என் பக்கம் தள்ளி, மணல் குவியலைக் காட்டினார். நான் இரண்டிலும் மணல் நிரப்பி, படி இல்லாத படிக்கட்டில் ஏறத் தொடங்கினேன்.